நடுவில் வைத்தால் காணாமல் போகும் பேஸ்

பேஸ் கிட்டாருக்காக ஒரு ஓவர்டிரைவ் பெடலை, அதாவது காலால் மிதித்தால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டியை, நானே வரைந்து, நானே ஈயம் வைத்து, நானே கெடுத்தும் வைத்தேன். செய்து முடிக்க இரண்டு நாள் ஆனது. பழுது பார்க்க ஒன்றரை வாரம். மொத்தம் மூன்று தவறுகள். இரண்டு என் கைத்தவறு, ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. மூன்றாவதைத்தான் மூன்று மாலைகள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னத் தொல்லையை முதலிலேயே தீர்த்துவிடலாம். கிட்டாரும் பேஸ், டிரான்சிஸ்டரின் நடுக்காலும் பேஸ். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே இங்கே பேஸ் என்றால் கிட்டார், அல்லது அதன் கனத்த கீழ்ச்சத்தம். டிரான்சிஸ்டரைப் பற்றிப் பேசும்போது ‘பேஸ் கால்’ என்று எழுதுகிறேன்.

கடையில் கிடைக்கும் ஓவர்டிரைவ்களில் பல சாதாரண கிட்டாரை மனதில் வைத்துச் செய்தவை. கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பேஸின் அடித்தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். கிட்டார் பெடல்கள் கீழ்ப்பகுதியை வேண்டுமென்றே வெட்டிவிட்டுத்தான் கரகரப்பை ஏற்றும். இல்லாவிட்டால் சத்தம் சேறாகிவிடும். கிட்டாருக்கு அது நியாயம். பேஸுக்கு அது அடிமடியிலேயே கைவைப்பது. இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம், கரகரப்பான சத்தத்தோடு கொஞ்சம் சுத்தமான சத்தத்தையும் கலந்துவிடுவது. அந்தக் கலவைக்கு ஒரு குமிழ்: பிளெண்ட். என் பெடலின் உயிரே அந்தக் குமிழ்தான், வம்பும் அங்கேதான் வந்தது.

சர்க்யூட் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே வரும் சிக்னல், ஒரே உடம்பில் இரண்டு பெருக்கிகள் உள்ள டிஎல்072 ஐசியின் முதல் பாதிக்குப் போகிறது. அது வெறும் பஃபர். சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது, தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்அப்பின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுத்தப் பாதை, நேராக பிளெண்ட் குமிழின் ஒரு முனைக்கு. இன்னொன்று டிரைவ் பாதை: டிரைவ் குமிழ், அப்புறம் ஒரு கெபாசிட்டர், அப்புறம் பிசி549சி டிரான்சிஸ்டர், அதற்குப் பின்னால் கிரவுண்டை நோக்கி எதிரெதிராக வைத்த இரண்டு 1என்4148 டயோடுகள், ஒரு டோன் குமிழ், கடைசியில் பிளெண்டின் மறுமுனை. பிளெண்டின் நடுக்கால் ஐசியின் இரண்டாம் பாதிக்குப் போய், வால்யூம் வழியாக வெளியே வருகிறது.

டிரான்சிஸ்டர் பகுதி என் கண்டுபிடிப்பு அல்ல. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் கொண்டுவந்த எல்பிபி-1 என்ற ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டரின் அமைப்புதான், மதிப்புகள் மட்டும் கொஞ்சம் முன்பின். பேஸ் காலுக்கு 470 கிலோ ஓமும் 47 கிலோ ஓமும், மற்ற இரண்டு கால்களான கலெக்டரில் 10 கிலோ ஓம், எமிட்டரில் 390 ஓம். சிக்னலை 20 மடங்குக்குக் கொஞ்சம் மேல் பெருக்கும். பேஸ் பிக்அப்பிலிருந்து வரும் சிக்னலை டயோடுகளில் மோதவிட அது தாராளம்.

எல்லாவற்றையும் ஸ்ட்ரிப் போர்டில், அதாவது செம்புத் தடங்கள் வரிசையாக ஓடும் பலகையில், வைத்தேன். வெட்ட வேண்டிய தடங்களை டிரில் பிட்டால் கையாலேயே திருகி வெட்டி, வெட்டிய ஒவ்வொரு இடத்தையும் மீட்டரில் சோதித்தேன். பேட்டரியை மாட்டி சுவிட்சை மிதித்தேன். எல்இடி எரிந்தது. சத்தம் இல்லை.

திரும்ப மிதித்தால் பைபாஸில், அதாவது சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும் வழியில், சத்தம் நன்றாக வருகிறது. எஃபெக்டைப் போட்டால் மயான அமைதி. ஆம்பின் மெல்லிய இரைச்சல்கூட மாறவில்லை.

எடுத்த எடுப்பில் சந்தேகப்பட்டது ஃபுட்ஸ்விட்சைத்தான். ஒன்பது கால் சுவிட்சுகளில் சூட்டுக்கோலை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, தொடுமுனை சாய்ந்துவிடும். ஒன்பது காலையும் மீட்டரில் பீப் ஒலிக்க வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் சுத்தம். அடுத்து ஐசியைக் கழற்றி வேறொன்று போட்டேன். இதற்கு ஒரு காரணமும் இல்லை. சாக்கெட்டில் இருப்பதால் மாற்றுவது சுலபம், அவ்வளவுதான். சுலபமாகக் கழற்ற முடிகிற பொருள் மேல்தான் முதலில் சந்தேகம் வருகிறது. புது ஐசியும் பேசவில்லை.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, ஐசியின் எட்டுக் கால்களையும் வரிசையாக அளந்து ஒரு தாளில் எழுதினேன். எட்டாம் கால் 9.1 வோல்ட்: சப்ளை வருகிறது. நாலாம் கால் பூஜ்ஜியம்: சரி. வெளியீடுகளான ஒன்றாம் காலும் ஏழாம் காலும் 7.7. அதுதான் தப்பு. ஒற்றை 9 வோல்ட்டில் ஓடும் பெடலில் இந்தக் கால்கள் பாதி வோல்ட்டில், 4.5 சுமாரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சிக்னல் மேலேயும் கீழேயும் ஆட இடம் இருக்கும். இங்கே இரண்டும் மேல்கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பாதி வோல்ட்டை எங்கே உண்டாக்குகிறோம்? இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், நடுவில் ஒரு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அந்த நடுப்புள்ளியில் முனையை வைத்தால் 0.83 வோல்ட். கையில் பேனா இருந்ததால் கணக்குப் போட்டேன்: 9.1-ஐப் பதினொன்றால் வகுத்தால் 0.83. அதாவது மேலே 10 கிலோ, கீழே 1 கிலோ. தாளிலேயே பழுது பிடிபட்டுவிட்டது. போர்டைத் திருப்பிப் பார்த்தது உறுதிசெய்துகொள்ளத்தான்.

ஐந்து பட்டை உள்ள நீல ரெசிஸ்டர்களில் 10 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. 1 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. நீல உடம்பின் மேல், மஞ்சள் விளக்கில், சிவப்பும் பழுப்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பட்டையைப் படிப்பதை அன்றோடு விட்டேன். இப்போது போர்டில் ஏறும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் கடித்துப் பார்த்துவிடுகிறேன். ஏற்றிய பிறகு அளந்தால் பக்கத்தில் இணையாக இருக்கும் மற்ற ரெசிஸ்டர்களும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். ஒரு காலையாவது தூக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

டிஎல்072-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள்ளீடு நாலாம் காலின் வோல்ட்டேஜுக்கு மிக அருகில் இறங்கினால் அந்த ஐசி ஒழுங்காக வேலை செய்யாது. வெளியீடு தலைகீழாகிப் போய் மேலே ஒட்டிக்கொள்ளும். 0.83 வோல்ட் கொடுத்துவிட்டு 7.7 வருவது ஏன் என்று நான் விழித்ததற்கு விடை அது. ஐசி பாவம், சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

ரெசிஸ்டரை மாற்றியதும் நடுப்புள்ளி 4.55. ஒன்றாம் காலும் ஏழாம் காலும் அதே அளவு. ஆனால் மூன்றாம் காலில் 4.1தான் காட்டியது. திரும்பவும் வயிற்றைப் பிசைந்தது. காரணம் மீட்டர்தான். மூன்றாம் காலுக்கு அந்த வோல்ட்டேஜ் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. மீட்டரின் சொந்தத் தடை 10 மெகா ஓம். முனையை வைத்தவுடன் மீட்டரே பதினொன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். 4.55-இல் அது போனால் 4.1. கணக்கு நேராக வந்ததும் விட்டுவிட்டேன். இந்த இடத்தில் ஏமாந்து நல்ல போர்டைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தவன்.

சத்தம் வந்தது. பிளெண்டைச் சுத்தப் பக்கம் திருப்பினால் அருமை. டிரைவ் பக்கம் முழுக்கத் திருப்பினால் தகர டப்பாவைச் சுரண்டுவது போல இருந்தது. கரகரப்பு இருக்கிறது, உடம்பு இல்லை. மெதுவாக வாசித்தால் அடித்தந்தி கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

டிரான்சிஸ்டரை அளந்தேன். பேஸ் கால் 0.77, எமிட்டர் 0.17, கலெக்டர் 4.7. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சரி. டயோடுகள் சரி. டிசி வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் தப்பாக இருந்தால் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஆடியோ ப்ரோபை எடுக்க வேண்டியதுதான்.

பெயர்தான் பெரிது. ஒரு பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, உள்கம்பியில் ஒரு 100 நானோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரை வைத்து, அதன் மறுகாலில் ஒரு தடித்த ஊசியை ஒட்டினேன். வெளிப்பின்னலில் ஒரு முதலை கிளிப். அது போர்டின் கிரவுண்டைக் கடித்துக்கொள்ளும். கேபிளின் மறுமுனை ஆம்புக்குள். கெபாசிட்டர் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும். இனி ஊசி தொடும் இடத்தில் என்ன ஓடுகிறதோ அது ஆம்பில் கேட்கும். உள்ளே சிக்னல் வேண்டுமே, அதற்கு போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை ஓடவிட்டு ஹெட்போன் வயரிலிருந்து கொடுத்தேன். கையால் வாசித்துக்கொண்டே ஊசியையும் பிடிக்க மூன்று கை வேண்டும். ஆம்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடுவது நல்லது. முதல் தொடுதலில் ‘டப்’பென்று அடிக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இது 9 வோல்ட் பெடலுக்கான கருவி. சுவர் மின்சாரத்தில் ஓடும் ஆம்புக்குள், அதுவும் வால்வ் ஆம்புக்குள், இந்த ஊசியை நீட்டவே கூடாது. அங்கே பல நூறு வோல்ட் காத்திருக்கும்.

ஒன்றாம் காலில் தொட்டேன்: முழுச் சத்தம். டிரைவ் குமிழின் நடுக்காலில்: முழுச் சத்தம். அதற்கு அடுத்த கெபாசிட்டரின் இந்தப் பக்கம்: முழுச் சத்தம். அந்தப் பக்கம்: எலும்பும் தோலும். ஒரு கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கு நடுவில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை, அதற்குள் பேஸ் தொலைந்துவிட்டது.

குனிந்து எண்ணைப் படித்தேன். 103. நான் வைக்க நினைத்தது 104. இந்த மூன்று இலக்கக் குறியீட்டில் முதல் இரண்டும் எண், மூன்றாவது எத்தனை பூஜ்ஜியம் என்று சொல்வது, அலகு பிக்கோஃபாரட். 103 என்றால் 10 நானோஃபாரட், 104 என்றால் 100. பத்தில் ஒரு பங்கை வைத்துவிட்டு உடம்பைத் தேடியிருக்கிறேன். என் டிரான்சிஸ்டர் பகுதியின் உள்ளீட்டுத் தடை 35 கிலோ ஓம் சுமார். அதோடு 10 நானோவைச் சேர்த்தால் 450 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். பேஸின் அடித்தந்தி 41. எப்படிக் கேட்கும்?

100 நானோ வைத்தாலும் சரிவு 45 ஹெர்ட்ஸில் தொடங்கும், அடித்தந்தி கொஞ்சம் அடிபடும். அதனால் 224 என்று குறித்த 220 நானோவைப் போட்டேன். சரிவு 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. டிரைவ் பக்கம் முழுக்கத் திருப்பி அடித்தந்தியைத் தட்டினேன். அறைக் கதவு அதிர்ந்தது. போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி அதை மிதித்துப் பார்த்தான். குமிழ்களை இஷ்டத்துக்குத் திருப்பியவன், பிளெண்டை நடுவில் நிறுத்தி நெற்றியைச் சுருக்கினான்.

“அண்ணா, இந்தப் பக்கம் வச்சா நல்லா இருக்கு. அந்தப் பக்கம் வச்சாலும் நல்லா இருக்கு. நடுவுல வச்சா மட்டும் ஏன் பேஸ் ஓடிப்போகுது?”

நான் அதைக் கவனித்திருக்கவில்லை என்பது ஆச்சரியம்தான். இரண்டு முனைகளையும் மட்டும் சோதித்துவிட்டு நடுவைச் சோதிக்காமல் விட்டிருக்கிறேன். அவன் சொன்னது உண்மை. இரண்டு கொழுத்த சத்தங்களைச் சேர்த்தால் இன்னும் கொழுத்த சத்தம் வர வேண்டும். இங்கே இரண்டும் சேர்ந்தால் ஒல்லி.

உடனே புது கெபாசிட்டர் மேல் சந்தேகம். பழைய 103-ஐத் திரும்ப வைத்தேன். நடுவில் பேஸ் ஓரளவு வந்துவிட்டது! ஆனால் டிரைவ் முனை பழையபடி தகரம். 224-ஐ வைத்தால் டிரைவ் முனை நன்றாக இருக்கிறது, நடு செத்துவிடுகிறது. சரியான மதிப்பை வைத்தால் கெடுகிறது, தப்பான மதிப்பை வைத்தால் தேவலை. இப்படி ஒரு பழுது ஆளைக் கிறுக்காக்கிவிடும்.

அடுத்த மூன்று மாலைகளை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பிளெண்ட் குமிழின் கார்பன் தடத்தில் நடுவில் தேய்வு என்று நினைத்துக் குமிழை மாற்றினேன். சீராக மாறும் லீனியர் வகைக்குப் பதில், ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் மாறும் லாக் வகை போட்டேன். பேஸ் தொலையும் இடம் நடுவிலிருந்து வேறு இடத்துக்கு நகர்ந்தது, போகவில்லை. பழைய லீனியர் குமிழையே திரும்பப் பொருத்தினேன். கிரவுண்ட் இணைப்புகளை எல்லாம் திரும்பச் சூடாக்கினேன். தடங்களுக்கு நடுவே மெல்லிய ஈய இழை ஓடுகிறதா என்று பிளேடால் கீறிக்கொண்டே போனேன். வரைபடத்தையும் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் பென்சிலால் டிக் அடித்துச் சரிபார்த்தேன். இரண்டு முறை. ஒரு பிசகும் இல்லை. வரைபடத்தில் எப்படியோ போர்டிலும் அப்படியே.

மூன்றாம் மாலை ஊசியையும் சூட்டுக்கோலையும் தள்ளிவைத்துவிட்டு, வெறுமனே காதால் கேட்டேன். உள்ளே 82 ஹெர்ட்ஸ் சைன் அலை. பிளெண்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், நடுவுக்குச் சற்று முன்பே ஸட்ஜமம் அடங்கி, மேல்ஸ்தாயி பஞ்சமம் தனியாக ஒலித்தது. அது தற்செயல் இல்லை. டயோடுகள் அலையின் மேலையும் கீழையும் ஒரே மாதிரி வெட்டும்போது மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மடங்கு அதிர்வுகள் பிறக்கும். மூன்றாம் மடங்கு என்பது மேல்ஸ்தாயி பஞ்சமம்தான். டிரைவ் பிறப்பித்த சத்தம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பாதையிலும் பொதுவாக இருந்த அடிச்சுருதி மட்டும் அழிகிறது. கெட்டுப்போன குமிழோ மோசமான ஈயமோ இப்படிப் பொறுக்கி எடுத்து ஒன்றை மட்டும் தின்னாது.

மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து அவுட்புட் ஜாக்கில் அளந்தேன். சுத்தம் மட்டும்: 210. டிரைவ் மட்டும்: 340. லீனியர் குமிழின் நடுவில் இரண்டிலும் பாதிப்பாதி சேர வேண்டும், 275 சுமார். வந்தது 80. சுத்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் 45 வரை இறங்கியது. 340-இலும் 210-இலும் பாதிப்பாதி எடுத்து, கூட்டாமல் கழித்தால் 65. மேல் மடங்குகளின் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். என் பெடல் கூட்டவில்லை, கழித்துக்கொண்டிருந்தது.

கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று ஆடியோ இண்டர்ஃபேஸின் ஒரு சேனலில் சுத்தப் பாதையையும் இன்னொன்றில் டிரைவ் பாதையையும் கொடுத்து, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியில் பதிவுசெய்தேன். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாதவருக்கு அது போதும். பெரிதாக்கிப் பார்த்தால், மேலே ஒரு அலை ஏறும் இடத்தில் கீழே உள்ள அலை இறங்குகிறது. ஆற்றங்கரை மரமும் தண்ணீரில் அதன் நிழலும் போல.

காரணம் எலக்ட்ரானிக்ஸ் படித்த எவருக்கும் முதல் பாடம். பேஸ் காலில் வோல்ட்டேஜ் ஏறினால் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் கூடும். கூடினால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் அதிக வோல்ட் விழும். விழுந்தால் கலெக்டர் இறங்கும். ஒற்றை டிரான்சிஸ்டர், ஒரே ஒரு குட்டிக்கரணம். சுத்தப் பாதையில் அப்படி எதுவும் இல்லை. நேராக நிற்கிற ஒன்றையும் தலைகீழாக நிற்கிற ஒன்றையும் பிளெண்ட் குமிழில் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். போர்டை வரைபடத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டேனே, அந்த வரைபடத்தையே ஒரு முறைகூட எதனோடும் ஒப்பிடவில்லை. என் கையெழுத்தில் இருந்ததால் அது சரி என்றே நம்பிவிட்டேன்.

103 ஏன் பழுதை மறைத்தது என்பதும் இப்போது புரிந்தது. சின்ன கெபாசிட்டர் கீழ்ச்சுருதியைக் குறைப்பதோடு நிற்காமல், அதைக் கால் சுழற்சி முன்னே தள்ளியும் விடும். கால் சுழற்சி விலகிய இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிக்காது. முழுக்கக் கூட்டவும் கூட்டாது. அப்படியே சமாளித்துப் போகும். 224-ஐ வைத்ததும் விலகல் போய் இரண்டும் நேருக்கு நேர் மோதின. இரண்டாம் பழுதைச் சரிசெய்ததால்தான் மூன்றாம் பழுது பிறந்தது போலத் தோன்றியது. அது முதலிலிருந்தே அங்கே படுத்துக்கொண்டிருந்தது.

பழைய சர்க்யூட்களை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கரகரப்புப் பெடலில் இரண்டு டிரான்சிஸ்டர். இரண்டு கரணம், சத்தம் நேராகவே வெளிவரும். பிக் மஃப் என்ற இன்னொரு பெடலின் டிரான்சிஸ்டர் வடிவத்தில் நான்கு, அதுவும் நேர். என்னுடையதில் ஒன்று. பிளெண்ட் சேர்க்க நினைப்பவர் தலைகீழாக்கும் கட்டங்களை எண்ணினால் போதும்: ஒற்றைப்படை வந்தால் வம்பு.

சரிசெய்ய வழி பல இருந்தன. சுத்தப் பாதையைத் தலைகீழாக்கிவிடலாம். அப்போது இரண்டும் ஒத்துப்போகும், ஆனால் பெடலின் மொத்த வெளியீடும் தலைகீழாகும். ஒற்றை ஆம்பில் அது காதுக்குத் தெரியாது. ஆனால் பேஸ்காரர்கள் பெடலுக்கு முன்னாலிருந்து ஒரு லைனை நேராக மிக்ஸருக்கும், பெடலுக்குப் பிறகு ஆம்பின் மைக் சத்தத்தை இன்னொரு லைனிலும் அனுப்புவது வழக்கம். அங்கே போய் இதே சண்டை பெரிய அளவில் நடக்கும். ஆகவே டிரைவ் பாதையைத்தான் நிமிர்த்த வேண்டும்.

இன்னொரு டிரான்சிஸ்டரைப் போடலாம். ஆனால் அது இன்னொரு 20 மடங்கு பெருக்கும், எனக்கு அது வேண்டாம். கடைசியில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு ஸ்ட்ரிப் போர்டில் இன்னொரு டிஎல்072-ஐ வைத்தேன். டோன் குமிழிலிருந்து 1 மைக்ரோஃபாரட், அப்புறம் 100 கிலோ ஓம் வழியாக இரண்டாம் காலுக்கு; ஒன்றாம் காலிலிருந்து இரண்டாம் காலுக்கு இன்னொரு 100 கிலோ ஓம்; மூன்றாம் கால் அந்த 4.55 வோல்ட் புள்ளியில். ஒன்றுக்கு ஒன்று, பெருக்காமல் புரட்டிப்போடுவது மட்டும் வேலை. ஐசியின் மற்ற பாதியை அனாதையாக விட்டால் அது தன்பாட்டுக்கு அலைந்து சத்தம் போடும். ஆறாம் காலையும் ஏழாம் காலையும் சேர்த்து, ஐந்தாம் காலை அதே 4.55-இல் கட்டிப்போட்டேன்.

பிளெண்ட் குமிழை நடுவில் வைத்து அளந்தேன்: 270 மில்லிவோல்ட். தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவன் குமிழை நடுவில் வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினான். “இப்போ இருக்குண்ணா.” அவ்வளவுதான் சொன்னான்.

டோனை முழுக்கக் குறைத்தால் நடுப்பகுதியில் லேசான குழிவு இன்னும் கேட்கிறது. டோன் வடிகட்டியும் தன் பங்குக்கு அலையைக் கொஞ்சம் பின்தள்ளுகிறது என்பதால் அது இருக்கத்தான் செய்யும். கேட்க மோசமாக இல்லை, விட்டுவிட்டேன்.

மற்றவை சில்லறை. மூடியைப் போட்டால் சத்தம் நின்றது ஒரு நாள்: புதுத் துண்டு போர்டின் அடிப்பக்கம் வால்யூம் குமிழின் முதுகில் உரசியது, பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி நடுவில் சொருகினேன். அடாப்டரில் ஓட்டினால் மெல்லிய விசில் வந்தது, பேட்டரியில் இல்லை. சப்ளை வரும் இடத்தில் 100 ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் வைத்ததும் அடங்கியது. இரண்டு ஐசியும் சேர்ந்து 6 மில்லிஆம்பியர் சுமார் இழுப்பதால் அந்த 100 ஓமில் 0.6 வோல்ட் போகிறது, பரவாயில்லை. எல்இடியை மட்டும் அந்த ரெசிஸ்டருக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் விழும்.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இரண்டு ஐசிகளின் பதினாறு கால்கள், டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள், எல்லாவற்றின் வோல்ட்டேஜும் அதில் இருக்கின்றன. பழைய வரைபடத்தைத் தூக்கிப்போடாமல் டிரான்சிஸ்டரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, புதிய வரைபடத்தின் பின்னால் வைத்திருக்கிறேன். சுவிட்சை மிதிக்கும்போது இன்னும் ஒரு சின்ன ‘டிக்’ கேட்கிறது. உள்ளேயும் வெளியேயும் 1 மெகா ஓம் கிரவுண்டுக்கு இருக்கிறது, எனவே கெபாசிட்டரில் தேங்கும் வோல்ட்டாக இருக்க வாய்ப்பில்லை. எல்இடி திடீரென்று இழுக்கும் மின்னோட்டமாக இருக்கலாம். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அதன் ரெசிஸ்டரை 4.7 கிலோவிலிருந்து 10 கிலோவாக்கிப் பார்க்க வேண்டும்.